நான் ருசி பார்க்காத பட்டணம்

கல்பாத்தி,
திங்கட்கிழமை

மணிக்கு,

எப்போதும் ஆசீர்வாதத்தில்தான் தொடங்குவேன். இந்தத் தடவை அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் பாதியை விழுங்கிவிடுவேன், என்னை உனக்குத் தெரியும்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் நம் காப்பி கிளப்பை ஒட்டிய கடை இடம் நமக்கு வருகிறது, வருகிற வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் பத்திரம், நடுச்சுவரை இடித்து ஒரே ஹாலாக்கிப் பளிங்கு மேஜை போடப் போகிறாய். அதே மேஜை, அதே போர்டு, அதே சாம்பார் வைத்து அடுத்த வருஷம் பம்பாயில் ஒன்று, பிறகு கல்கத்தாவில் ஒன்று. எந்தப் பட்டணத்தில் ரயிலை விட்டு இறங்கினாலும் மனுஷன் ஒரே வாசனைக்குள் நுழைய வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சாம்பார்ப் பொடியை நான் என் அளவில் இங்கே இடித்து எல்லா ஊருக்கும் அனுப்ப வேண்டுமாம். வாசித்துக் காட்டியபோது உன் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும்தான், மறைப்பானேன். ஒட்டிய கடை என்றால் யாருடைய கடை என்று எனக்கு உறைக்கவே அரை நாள் ஆயிற்று. மூன்று பக்கக் கடிதத்தில் நீ அவள் பேரை எழுதவில்லை.

நம் கிளப் அடுக்களையில் இருக்கும் கிட்டு லீவில் வந்திருக்கிறான். நேற்று ஆற்றில் குளித்துவிட்டு வரும் வழியில் என்னைப் பிடித்துக்கொண்டான். "மாமா, வெள்ளிக்கிழமை அம்மாக்கண்ணு கடைக்கு நாம பூட்டுப் போடறோம். அவ வாடகைக்குத்தானே இருக்கா, இடத்துக்காரன் விக்கறது அவளுக்கு இன்னும் தெரியாது. பத்திரம் ஆனப்புறம் சொன்னாப் போரும்னு மணியண்ணா சொல்லிட்டார்" என்றான். சொல்லிவிட்டு, தான் சொன்னதாகச் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான். நான் சொல்லிவிட்டேன். அவன்மேல் உனக்குக் கோபம் வந்தால் அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் இது சரியில்லை என்றேன். அவள் அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை. "நீங்கள் வெறுதே இருங்கோ. அவன் நன்னாப் பண்ணிண்டு வரான். நீங்களாக்கும் சொல்லிக்கொடுத்த வித்தை. இப்போ வேண்டாம்னா அவன் எங்கே போவான்?" என்றாள். அவள் கேட்டது நியாயம். அந்தக் கேள்வியோடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நான் பட்டணத்துக்குப் போனபோது உன் வயதுகூட இல்லை. இங்கே கல்யாணங்களுக்கும் உற்சவங்களுக்கும் சமைக்கிற தேஹண்டக்காரனாகப் பேர் வாங்கியிருந்தேன். நம் தொழிலில் முதல் பாடமே சமைக்கிறவன் ருசி பார்க்கக் கூடாது என்பதுதான். சுவாமிக்குக் காட்டுவதற்கு முன் நாக்கில் வைத்தால் எச்சில். உப்பு போதுமா என்பதை ஆவியை மோந்து சொல்ல வேண்டும், புளி கொதித்ததா என்பதை நுரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆயிரம் பேர் பந்தியில் நான் ஒரு துளி வாயில் வைத்ததில்லை, ஒரு நாளும் உப்பு தப்பியதில்லை. அந்தப் பெருமையோடுதான் சென்டிரல் ஸ்டேஷனில் இறங்கினேன். அதே பெருமையோடு இருபத்தெட்டு வருஷம் அந்தப் பட்டணத்தில் வாழ்ந்தேன். அடுப்புக்குச் சொன்ன விதியை ஊருக்கும் வைத்துக்கொண்டேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. அந்த ஊர் சமைத்த எதையும் நான் வாயில் வைத்ததில்லை, மணி. ஒரு கடலைகூட.

முதல் நாள் நல்ல மழை. ஓலைச் சார்ப்பில் போட்ட அடுப்பு பிடிக்கவில்லை, ஈர விறகு புகைந்துகொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவள். "இன்னா சாமி, அடுப்பு புடிக்கலியா? இந்தா, தணல் எடுத்துக்க" என்று ஓட்டாஞ்சட்டியில் நெருப்பை நீட்டினாள். நெருப்புக்குத் தீட்டு கிடையாது என்பதால் வாங்கிக்கொண்டேன். நம் கிளப்பின் முதல் காப்பி அம்மாக்கண்ணுவின் தணலில் கொதித்தது. இதை நான் உனக்குச் சொன்னதில்லை. போர்டு எழுதினவன் பேர், பால் கொண்டுவந்தவன் பேரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தெரு அன்றைக்கு எப்படி இருந்தது என்பதும் உனக்குத் தெரிய நியாயமில்லை. முனையில் வெங்கையா என்ற தெலுங்கர் பச்சைப்பயறு அரைத்துப் பெசரட்டு வார்ப்பார். அவருக்கு எதிரில் ஒரு ராவுத்தர் பித்தளைப் பாத்திரத்தில் சுக்குக் கஷாயம் விற்பார், அந்தி வரையில் அவரைச் சுற்றி ஜட்கா வண்டிக்காரர்கள் நிற்பார்கள். நம் சுவரை ஒட்டி அம்மாக்கண்ணு. விடியற்காலையில் புட்டு, அதோடு பூண்டும் சோம்பும் தட்டிப்போட்ட குழம்பில் மசால் வடையை ஊறவைத்துக் கொடுக்கிற வடைக் குழம்பு. அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிறவர்கள், டிராம் ஓட்டுகிறவர்கள், பேட்டையில் தறி போட்டிருந்தவர்கள் எல்லாரும் அங்கேதான். கண்ணைக் கட்டி விட்டால்கூட அது எந்தத் தெரு என்று மூக்கு சொல்லிவிடும். எனக்கோ அந்தப் பூண்டு வாசனை வந்தால் தலை வலிக்கும். தெருவைச் சுத்தம் பண்ண வந்தவன்போல நாள் முழுதும் காப்பிக்கொட்டை வறுத்தேன்.

பத்து வருஷத்தில் நம் வாசனைதான் தெரு முழுக்க. ராவுத்தர் கடையை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். அவர் வாசலில் கிடந்த பெஞ்சுகளை நான் வாங்கி நம் கிளப்பில் போட்டேன், நீ பாடம் படித்த பெஞ்சு அது. வெங்கையா கடையை மூடிவிட்டு நம்மிடமே வேலைக்கு வந்தார். வந்த புதிதில் ஒரு நாள், வாரத்தில் ஒரு காலையாவது பெசரட்டு போடட்டுமா என்று கேட்டார். இங்கே நம் பட்டியல்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஒன்பது வருஷம் என் அளவில் உளுந்து வடை தட்டினார். பிறகு ஒரு தடவை, தெலுங்கு தேசத்து உத்தியோகஸ்தர் ஒருவர் வற்புறுத்திக் கேட்டதற்காக நானே பெசரட்டு போடச் சொன்னேன். கல்லுக்கு முன்னால் நின்றார். மாவை ஊற்றினார், இழுத்தார், கிழிந்தது. மறுபடி ஊற்றினார். "கை மறந்துட்சி சாமி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். 

அம்மாக்கண்ணு மட்டும் நகரவில்லை. ஆடி மாசம் அம்மனுக்குப் படைத்தால், பெண் பிறந்தால், வீட்டுக்காரனுக்குக் காய்ச்சல் தெளிந்தால், எதற்கும் ஒரு தூக்குச்சட்டி சுவரைத் தாண்டி வரும். உள்ளே வடைக் குழம்பு. நான் இரண்டு கையாலும் வாங்குவேன், சிரிப்பேன், நன்றி சொல்வேன். பின்கட்டுக்கு எடுத்துப்போய் மாட்டுத் தொட்டியில் கவிழ்ப்பேன். சட்டியை அலம்பித் திருப்பிக் கொடுப்பேன். வருஷக்கணக்காக இது நடந்தது. ஒரு நாள் சட்டியை வாங்கிப்போக அவளே பின் சந்து வழியாக வந்துவிட்டாள். நான் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள் மாட்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "மாடு நல்லாத் துன்னுதா சாமி?" என்று கேட்டாள்.

சட்டியை அலம்பிக் கையில் கொடுத்தேன். அத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அடுத்த ஆடியிலும் தூக்கு வந்தது. "இது மாட்டுக்கு சாமி, ஒங்களுக்கில்ல" என்று சொல்லிக் கொடுத்தாள். நான் பட்டணத்தை விட்டுக் கிளம்பிய வருஷம் வரைக்கும் அதே வார்த்தை, அதே சிரிப்பு. அது வேடிக்கைக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டேன், எனக்கு அதுதான் சௌகரியமாக இருந்தது. அவளை ஒரு தடவையாவது உள்ளே வந்து ஒரு டம்ளர் காப்பி குடி என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் நான் கட்டிவைத்த தட்டிக்கு அந்தப் பக்கம்தான் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். நம்மவர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம் என்று பிரித்த அந்தத் தட்டியை இன்னும் வைத்திருக்கிறாயா, தெரியவில்லை. பளிங்கு மேஜை வரும்போது அதுவும் புதிதாகுமோ என்னவோ.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. உனக்கு எட்டு வயது. அம்மாவும் நீயும் பட்டணத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னைத் தாண்டி உள்ளே ஓடினாய். ஓடின காற்றில் பூண்டு வாசனை. வாயை ஊது என்றேன். ஊதினாய். அடித்தேன். நீ அழுதுகொண்டே, "நன்னா இருந்தது அப்பா" என்றாய். இரண்டாவது அடி அந்த வார்த்தைக்கு. சட்டையோடு குழாயடியில் நிறுத்தித் தலையில் தண்ணீர் விட்டேன். வாயைப் பத்துத் தரம் கொப்பளிக்க வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று.

அன்றையிலிருந்து அம்மாக்கண்ணு உன்னைக் கூப்பிட்டு எதுவும் கொடுக்கவில்லை. நீ தெருவில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், உனக்கு மறுபடி அடி விழக்கூடாது என்று. நீயும் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினாய். பார்க்காமலே வளர்ந்தாய். இப்போது வெள்ளிக்கிழமை ஒரு கடையைப் பூட்டப்போகிறாய், அந்தக் கடைக்காரியின் பேரை எழுதக்கூட உனக்குத் தோன்றவில்லை. இது உன் கல்நெஞ்சு என்று நான் நினைக்கவில்லை. நான் அடித்துப் பழக்கினது. அதனால்தான் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் இந்தக் கடிதம் இப்படித் தாறுமாறாகப் போகிறது.

நீ என்ன பதில் சொல்வாய் என்று தெரியும். பட்டணம் என்றாலே நாலு ஊர் ஜனம் வந்து கலப்பதுதானே, மதராஸ் என்றைக்கு ஒரே ஜனத்தின் ஊராக இருந்தது என்பாய். சரிதான். ராவுத்தரும் வெங்கையாவும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். ஊரை விட்டு வந்து தனியாக இருக்கிற பையனுக்கு நம் சாம்பார் என்னவென்று தெரியுமா என்பாய். தெரியும். நம் பக்கத்து நூறணியிலிருந்து வந்து தபாலாபீஸில் சேர்ந்த ஒருவன் முதல் நாள் நம் கிளப்பில் ஒரு வாய் சாதம் பிசைந்துவிட்டுக் குலுங்கி அழுதான். இன்னொரு கரண்டி நான்தான் விட்டேன். அது பொய்யில்லை. பம்பாயில் திற, கல்கத்தாவில் திற, அழ ஓர் இடம் எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது. நான் கேட்பது வேறு. அவனுக்கு ஒரு பெஞ்சு போட, அந்தத் தெருவில் மற்ற எல்லாப் பெஞ்சையும் தூக்க வேண்டுமா?

இரண்டு வருஷம் முன்பு உன் அம்மாவும் நானும் காசிக்குப் போனோமே, நீதான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாய். பம்பாய் வழியாகப் போய்க் கல்கத்தா வழியாகத் திரும்பினோம். பம்பாயில் நம் தெருக்காரன் நடத்தும் மெஸ். கல்கத்தாவில் நம் பக்கத்துச் சாத்தபுரத்துக்காரன் ஒருவன். காசியிலும் நம்மவன் கையால் ஓலனும் மோர்க்கூட்டானும். ஒரு வேளை தவறவில்லை. திரும்பி வந்ததும் அடுத்த வீட்டுக்காரர் பம்பாய் எப்படி இருந்தது என்று கேட்டார். சாம்பார் கொஞ்சம் நீர்த்திருந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை, நானும் தமாஷுக்குச் சொல்லவில்லை. வேறு ஒன்றும் ஓர்மை வரவில்லை. அத்தனை பட்டணத்தையும் கடந்து வந்து, கல்பாத்தியை விட்டு நகராதவன்போல உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்குள் லேசாகப் பயம் தட்டியது. பட்டணங்கள் தங்கள் முகத்தை இழக்கின்றன என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினால், யார் திருடினார்கள் என்று கேட்பேன். அதில் ஒரு திருடன் நான்.

நம்மைப் பற்றியே யோசித்துப் பார். நம் முன்னோர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சுவாமியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தவர்கள். வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மலையாளத்துக்காரர்களிடம் ஓலனைக் கற்றார்கள், எரிசேரியைக் கற்றார்கள், தேங்காய் எண்ணெய்க்குப் பழகினார்கள். பாதி வார்த்தை அவர்களுடையது. தஞ்சாவூர்க்காரன் நம் பேச்சைக் கேட்டு இன்றைக்கும் சிரிக்கிறான். வந்த ஊரை நாக்கில் வாங்கினதால்தான் கல்பாத்திக்குக் கல்பாத்தி என்று ஒரு ருசி உண்டாயிற்று. நான் அந்த ருசியை டப்பாவில் அடைத்துக்கொண்டு போய், இன்னொரு ஊரின் வாயைக் கழுவினேன். உன் வாயைக் கழுவினது மாதிரியே.

பொடியை நிறுத்திவிடுவேன் என்று பயமுறுத்த மாட்டேன். அளவைக் கிட்டுவிடம் எழுதிக் கொடுத்தாயிற்று, நான் இல்லாமலே உனக்கு நடக்கும். அப்பா சொன்னார் என்பதற்காக நீ கையெழுத்தை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் பின்னால் மனதுக்குள் முனகுவாய், அது எனக்கு வேண்டாம். இடம் உனக்கு வேண்டுமானால் அவள் முகத்தைப் பார்த்துக் கேள். பத்திரம் ஆன பிறகு சொன்னால் போதும் என்கிற புத்தி மட்டும் நம் வீட்டில் வேண்டாம். அது மாட்டுத் தொட்டிப் புத்தி. நான் செய்ததையே நீ பளிங்கு மேஜை போட்டுச் செய்கிறாய்.

வியாழக்கிழமை ராத்திரி ஒலவக்கோட்டில் மெயில் ஏறுகிறேன். உன் அம்மாவிடம் சொன்னேன். "போங்கோ. இந்த வயசில் பூண்டு தின்னப் போறேளாக்கும். தின்னுட்டு அங்கேயே இருங்கோ, இந்தப் படி ஏறவேண்டாம்" என்றாள். கோபம் நிஜம்தான், நேற்றிலிருந்து எனக்கு இலை போடுகிறாளே தவிரப் பேச்சில்லை. உனக்கு இடைஞ்சல் பண்ணுகிறேன் என்று நினைக்கிறாள். நினைக்கட்டும். ஸ்டேஷனுக்கு வராதே, கிளப்புக்கும் நான் வரமாட்டேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மாக்கண்ணு கடை பெஞ்சில் இருப்பேன். மாட்டுக்குக் கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் கொடு என்று கேட்கப் போகிறேன். கொடுக்கிறாளோ, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்கிறேனோ, தெரியவில்லை. கொடுத்தாலும் தொண்டையில் இறங்குமா என்றும் தெரியவில்லை. 

பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டே வா, பரவாயில்லை. பத்தரைக்கு இரண்டரை மணி நேரம் இருக்கிறது. ஒதுக்கி வைத்த ஆசீர்வாதத்தை அங்கே நேரில் தருகிறேன். ஆனால் முதலில் என் பக்கத்தில் உட்கார். உட்கார்ந்து, என் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்து, அன்றைக்கு நான் உன்னை அடித்தேனே, அந்த ருசிதானா இது என்று எனக்குச் சொல். எனக்குத் தெரியாது. நம் வீட்டில் அது தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

அப்பா